சுகம் வந்த முழங்கால்

என் தங்கையின் மகனுடைய இடது முழங்கால் பழுதானது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணியளவில். அன்று பூரணை. திருவெம்பாவையின் கடைசி நாளும் அதுதான். விடியக் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் தலைமுடி காயாமல் வீடுகளில் இருந்த நேரம். செட்டிபாளையத்தில் அவர்களுடைய வீடு கடல் பக்கம். நான் நாவற்குடாவில், என் வீட்டு முற்றத்தில், முந்தின நாள் மழையை அளந்துவிட்டு மழைமானியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நில அளவைக் கந்தோரில் முப்பது வருடம் படம் வரைந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு எத்தனை மில்லிமீற்றர் மழை, ஆற்று முகத்துவாரம் எந்தத் திகதியில் கடலுக்கு வெட்டிவிடப்பட்டது, எந்தக் கோயிலில் எப்போது கொடி ஏறியது என்று சீ.ஆர். கொப்பிகளில் எழுதிவைப்பது பழக்கமாகிவிட்டது. ஆகவே இங்கே வரும் நாட்களை ஞாபகத்திலிருந்து எழுதவில்லை, கொப்பிகளைப் பார்த்து எழுதுகிறேன். ஞாபகத்தை நம்பியிருந்தால் எனக்குச் சாதகமாக எழுதியிருப்பேன்.

கடல் வந்தபோது தங்கையின் கணவர் கரைவலை இழுப்பவர்களோடு நின்றார். மூன்றாம் நாள் அவரை அடையாளம் காட்டியவன் நான். மகன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மேற்கே, ஆற்றுப் பக்கம் ஓடியிருக்கிறான். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். பெரிய வீதியைத் தாண்டுமுன் தண்ணீர் பிடித்துவிட்டது. அவனுடைய பாதம் வேலிக் கம்பியில் சிக்கியிருக்க, தண்ணீரோடு வந்த கதவொன்று முழங்காலின் வெளிப்பக்கத்தில் மோதியது. பாதம் நின்ற இடத்தில் நிற்க உடம்பு திரும்பியது. அவன் தாயை விடவில்லை.

"உள்ளுக்குள்ள கயிறு அறுந்தமாதிரி ஒரு சத்தம் கேட்டுது மாமா," என்று பிறகு சொன்னான். "தண்ணி அவ்வளவு இரைஞ்சும் அது மட்டும் தனியாக் கேட்டுது."

அப்போது அவனுக்குப் பதினேழு வயது.

பாடசாலையில் அமைந்த முகாமில் ஏழு கிழமை இருந்தார்கள். அந்த நாட்களில் முழங்கால் ஒரு பெரிய விஷயமா? எலும்பு உடையவில்லை, உள்பக்கச் சவ்வு அறுந்திருக்கிறது, காலை ஆறவிடு என்று ஒரு வைத்தியர் சொல்லி, துணி சுற்றி அனுப்பினார். காலை ஆறவிட அங்கே எங்கே இடம்? அவன் அரிசி மூட்டை இறக்கினான், தண்ணீர் சுமந்தான். நடக்கும்போது முழங்கால் திடீரென்று உள்பக்கம் மடங்கும். விழுவான், எழும்புவான், சிரிப்பான்.

தகப்பனின் முப்பத்தோராம் நாள் 2005 ஜனவரி 25இல் வந்தது. தைப்பூசமும் அன்றே. கிரியைகள் முடிந்து தங்கை நேரே அம்மன் கோயிலுக்குப் போனாள். மதில் விழுந்து, மண்டபத்துக்குள் மணல் ஏறியிருந்தது. மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று, நாங்கள் எல்லோரும் கேட்கச் சத்தமாகவே சொன்னாள்:

"தாயே, அவரை எடுத்திட்டாய். நான் ஒண்டும் கேக்கல்ல. இவனுக்குக் காலை மட்டும் தா. கால் சுகம் வந்தா இவன் தன்ர காலால உனக்குத் தீ மிதிப்பான்."

நான் அதைத் திகதியோடு எழுதிவைத்தேன். ஒரு தாயின் வேண்டுதல் என்பதற்கு மேல் அதில் எதையும் அன்று நான் பார்க்கவில்லை.

பெப்ரவரியில் இருவரையும் நாவற்குடாவுக்குக் கூட்டிவந்தேன். வெளிநாட்டு உதவியில் நகரத்தில் புதிதாக ஒரு சிகிச்சை நிலையம் திறந்திருந்தார்கள். அங்கே லேசர் இயந்திரம் ஒன்று வந்திருந்தது. ஒரு வானொலிப் பெட்டியளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு வயர், வயரின் நுனியில் தடித்த பேனை போன்ற ஒன்று. உடற்பயிற்சி வைத்தியம் படித்த ஓர் இளம்பெண் அதை இயக்கினாள். எல்லோரும் அவளை மிஸ் என்றார்கள். அவளும் நோயாளியும் பச்சைக் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். முழங்காலின் உள்பக்கம் ஒவ்வொரு புள்ளியாகப் பேனையைத் தொட்டுத் தொட்டு நிறுத்துவாள். சூடு இல்லை, நோவு இல்லை. ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் தோலில் தெரியும்.

"மிஸ், இதுல ஒண்டும் விளங்குதில்ல. வேலை செய்யுதா, இல்லாட்டி கரண்ட் போயிற்றா?" என்று மருமகன் கேட்பான்.

"உனக்கு விளங்கத் தேவையில்ல. சவ்வுக்கு விளங்கினாப் போதும். இப்ப காலை நீட்டி இருவது தரம் உயர்த்து. அதுதான் மருந்து, இது சும்மா துணைக்கு."

நூலகத்தில் தேடி வாசித்தேன். எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் இந்தச் சவ்வுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதனால் எலும்பைவிடத் தாமதமாகவே பொருந்தும் என்று இருந்தது. லேசர் ஒளி நோவையும் வீக்கத்தையும் குறைக்கலாம் என்று ஒரு புத்தகம் சொன்னது. போதிய ஆதாரம் இல்லை என்று இன்னொன்று சொன்னது. நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

ஆனால் தங்கைக்கு வெளிச்சத்தில் நம்பிக்கை வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில், படுவான்கரையில், முறிவு நெரிவுக்குப் பெயர்போன பரியாரியார் ஒருவர் இருந்தார். சனிக்கிழமைகளில் ஓடத்தில் ஏறி அவரிடம் போகத் தொடங்கினோம். அக்கரையில் அப்போது இயக்கத்தின் ஆட்சி. மணிக்கூடுகூட அரை மணி பின்னால். ஆற்றைக் கடக்கக் கால் மணி; இக்கரையில் எட்டரைக்கு ஏறினால் அக்கரையில் எட்டேகாலுக்கு இறங்குவோம். இந்தக் கணக்கைச் சொல்லி மருமகன் ஒவ்வொரு முறையும் சிரிப்பான்.

பரியாரியார் நொச்சியிலையும் பிரண்டையும் அரைத்து, முட்டை வெள்ளையும் உழுந்துமாவும் சேர்த்துக் கிண்டி, இளஞ்சூட்டில் முழங்காலைச் சுற்றிப் பூசுவார். அதை நாங்கள் பத்து என்போம். அதன்மேல் ஆமணக்கிலை, அதன்மேல் சீலைக் கட்டு, இருபுறமும் மெல்லிய மூங்கில் சிராய். ஒரு நாள் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"ஆரடா இதைக் கழுவினது?"

"மிஸ்தான். எண்ணெய்ப் பிசுக்கோட லேசர் பிடிக்க ஏலாதாம்."

"வெளிச்சம் காட்டினாச் சுகம் வருமெண்டா, உன்னை நிலவுல படுக்கவெச்சிட்டு நான் போய்ப் படுத்திருப்பனே!"

திங்கட்கிழமை இதை மிஸ்ஸிடம் அப்படியே ஒப்புவித்தான். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இது காலா கறிச்சட்டியா ஐயா? அவருக்கிட்டச் சொல்லுங்க, அடுத்தமுறை கொஞ்சம் உப்பும் போடச் சொல்லி."

இருவரும் ஒருவரையொருவர் ஒருபோதும் கண்டதில்லை. நடுவில் நான் ஓர் அட்டவணை போட்டேன். திங்கள் காலை கழுவி லேசர், வியாழன் மீண்டும் லேசர், வெள்ளி ஓய்வு, சனி முதல் ஞாயிறு இரவுவரை பத்து; பத்து இல்லாத நாட்களிலும் சிராய் வைத்த கட்டு இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் தையல் நாடாவால் முழங்காலைச் சுற்றி அளந்தேன். கந்தோரிலிருந்து கொண்டுவந்த பழைய பாகைமானியால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்து எழுதினேன். கணவனை இழந்த தங்கைக்கு வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை, அக்கரைத் துறையில் இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். ஓடத்திலிருந்து இறங்கும் பொடியன்களை ஒவ்வொருவராக நிறுத்தி வயது கேட்டார்கள். முன்னால் இறங்கிய ஒருவனைத் தனியே கூட்டிப்போய் மரத்தடியில் இருத்தினார்கள். அடுத்தது எங்கள் முறை.

"வயசென்ன?"

"பதினெட்டு முடிஞ்சிற்று," என்றான் மருமகன். தங்கை என் கையைப் பிடித்தாள்.

கேட்டவன் குனிந்து கட்டைப் பார்த்தான். விரலால் மூங்கில் சிராயைத் தட்டினான். "நொண்டியை வெச்சு நாங்க என்ன செய்ற? சுகம் வந்தாப் பிறகு பாப்பம், போங்க." நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கும் அதே வயதுதான் இருக்கும்.

திரும்பி வரும்போது, நடு ஆற்றில், தங்கை மெதுவாகக் கேட்டாள்: "அண்ண, அவன் கடைசியாச் சொன்னதைக் கேட்டீங்களா?"

"கேட்டன்."

மரத்தடியில் இருத்தப்பட்ட பையன் அந்த ஓடத்தில் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு பரியாரியாரிடம் தங்கையும் நானும் மட்டும் போனோம். அவர் பத்தைக் கிண்டி வாழையிலையில் கட்டித் தந்தார். நாங்கள் வீட்டில் சூடாக்கிப் பூசினோம். முழங்கால் தன்பாட்டில் தேறிக்கொண்டிருந்தது. அதைத் தேற்றியது ஒளியா, பச்சிலையா, இருபது தரம் காலை உயர்த்தியதா, அல்லது பதினெட்டு வயது உடம்பேதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. நவம்பரில் வீக்கம் முழுதாக வற்றியது. இரண்டு முழங்காலும் ஒரே அளவு என்று கொப்பியில் முதன்முறையாக எழுதினேன்.

டிசம்பரில், சுனாமியின் ஆண்டுத்திவசத்துக்கு முந்தின கிழமை, மிஸ் அவனைப் படுக்கவைத்து, ஒரு கையால் தொடையைப் பிடித்து மறு கையால் கணுக்காலை வெளிப்பக்கம் இழுத்துப் பார்த்தாள். முன்பெல்லாம் அப்படி இழுத்தால் மூட்டு உள்பக்கம் திறப்பது என் கண்ணுக்கே தெரியும். அன்று அசையவில்லை. அவள் இன்னொருமுறை இழுத்தாள்.

"நல்லாப் பொருந்திற்று," என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். உடனே குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு இப்ப எத்தின வயசு?"

அவன் சொன்னான்.

அவள் சிகிச்சை அட்டையை எடுத்தாள். முடிந்தது என்று எழுதவேண்டிய இடத்தில் பேனையை வைத்தவள் எடுத்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமைத் திகதியைப் போட்டாள். "ஊண்டுற தடியை விடாத. இஞ்ச வரக்கொள்ள கட்டோட வா. மணம் வந்தாலும் பறவாயில்ல."

பரியாரியாரிடம் நாங்கள் விஷயத்தைச் சொன்னபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நான் அவிழ்க்கச் சொல்லும்வரைக்கும் அவிழ்க்கப்படாது. விளங்குதா? கால் நல்லா இருந்தாலும் அவிழ்க்கப்படாது," என்றார். பிறகு, "அந்தப் பிள்ளை என்ன சொன்னா, வெளிச்சக்காரி?" என்று கேட்டார். சொன்னோம். "கெட்டிக்காரி," என்றார். அவளைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

இப்படியாக, சுகம் வந்த ஒரு காலுக்கு ஏழு மாதம் வைத்தியம் நடந்தது. திங்கட்கிழமைகளில் மிஸ் அந்தச் சிவப்புப் பொட்டைத் தோலில் காட்டிக்கொண்டு அவனிடம் பரீட்சைப் பாடங்களைக் கேட்டாள். சனிக்கிழமைகளில் தங்கை பத்தை நன்றாக மணக்கும்படி முற்றத்திலேயே காய்ச்சினாள். அவன் தடியோடு வீதியில் நொண்டினான். வீட்டுக்குள், கதவைச் சாத்திவிட்டு, கோழி துரத்தும் பையனைப் போல ஓடுவான். ஒரு நாள் வாசற்படியில் இறங்கி நொண்டத் தொடங்கியவனைத் தங்கை கத்திக் கூப்பிட்டாள்.

"டேய் மனே! எந்தக் கால்டா?"

குனிந்து பார்த்தான். வலது காலை நொண்டிக்கொண்டிருந்தான். வாசற்படியிலேயே இருந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "அது களைச்சுப் போச்சும்மா, இண்டைக்கு இது வேலை செய்யட்டும்." நாங்களும் சிரித்தோம். தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள். மறுநாள் முதல் கட்டின் விளிம்பில் ஒரு சிவப்பு நூலைத் தைத்துவிட்டாள், அவன் படியிறங்கும்போது பார்த்துக்கொள்ள.

2006 சித்திரையில் அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணி பின்னே திருப்பியது. இரு கரைக்கும் ஒரே நேரம் வந்துவிட்டது. அதே மாதங்களில், அக்கரையில் மட்டும் நடந்த காரியம் இக்கரையிலும் வந்தது. இயக்கத்திலிருந்து பிரிந்துபோன வேறு ஆட்கள், வேறு காரணம், ஆனால் பொடியன்களைத்தான் தேடினார்கள். சந்தியில் நின்ற பையன் வீடு திரும்பவில்லை, விளையாடப் போனவர்கள் திரும்பவில்லை என்று கேள்விப்படுவோம். கொப்பியில் எழுதுவதை நிறுத்தினேன். எழுதிய கொப்பி யாருடைய கையிலாவது அகப்படும் என்று பயம். இதற்குப் பிறகு வரும் நாட்கள் மட்டும் ஞாபகத்திலிருந்து.

வைகாசியில் மருமகனுக்கு அம்மாள் வருத்தம் வந்தது. உடம்பெல்லாம் கொப்புளம். வேப்பிலையில் படுக்கவைத்திருந்தோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான், சின்னவயதில் வராததால் இப்போது வந்திருக்கிறது என்று நான் சொன்னேன். தங்கை கேட்கவில்லை. தலைக்கு நீர் வார்த்த அன்று காலை கிணற்றடியில் வைத்துச் சொன்னாள்:

"ஆனியில கோயில் சடங்கு. இவன் தீ மிதிக்கவேணும் அண்ண."

"விசரா உனக்கு? ஊரே பாக்கும்."

"ஊர் பாக்கத்தான் நேந்தனான். அம்மாள் காலைத் தந்து ஆறு மாசமாச்சு. நாம மறைச்சு வெச்சிரிக்கம். அதுதான் இப்படிக் காட்டினவ. அடுத்தது என்ன செய்வாவோ?"

"வெள்ளியில ஒரு கால் செய்து வைப்பம். இல்லாட்டி நீ மிதி, நான் மிதிக்கிறன்."

"தன்ர காலால எண்டு சொன்னனே. நீங்களும் கேட்டுக்கொண்டுதானே நிண்டீங்க. எழுதியும் வெச்சிரிக்கீங்க."

உண்மைதான். எழுதி வைத்திருந்தேன்.

மருமகனிடம் கேட்டேன். "அம்மா சொன்னாச் செய்வம் மாமா," என்றான். "நொண்டி நொண்டி மிதிச்சாப் போச்சு."

அவனை அன்று நான் தடுத்திருக்கலாம். அவன் என் வீட்டில், என் சோற்றில் இருந்தவன். தாய்மாமன் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் மதிப்பு உண்டு. மூன்று நாள் யோசித்துவிட்டு, சரி என்றேன். தங்கையின் பயத்துக்கு இரங்கி விட்டுக்கொடுத்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான். ஒன்றரை வருடம் அங்குலத்திலும் பாகையிலும் அளந்துவந்த அந்தக் காலை, ஒரு தரமாவது நாலுபேர் முன்னிலையில் நேராக நடக்கக் காணவேண்டும் என்ற ஆசை எனக்குள்ளும் இருந்தது. இதை இதற்கு முன் நான் எங்கும் எழுதவில்லை.

நேர்த்தி வைத்தவர்கள் கோயிலிலேயே தங்கியிருந்தார்கள். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, இடுப்பில் வேப்பிலை. காப்புக் கட்டியவன் உடம்பில் மருந்தோ கட்டோ இருக்கக்கூடாது என்று பூசாரியார் சொல்லிவிட்டார். தங்கை தானே கட்டை அவிழ்த்தாள். பல மாதம் வெயில் படாமல் அந்தக் கால் மற்றதைவிட வெளிறியிருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தீக்குழியில் தணல் பரப்பினார்கள். பறை உச்சத்துக்குப் போயிற்று. குழியின் இரண்டு பக்கமும் செட்டிபாளையமும் அயல் ஊர்களும் திரண்டு நின்றன. அவன் ஒன்பதாவது ஆளாக வந்தான். நொண்டுவதாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தான். தணலில் கால் வைத்தவன் நொண்டுவது எப்படி? ஒரு காலில் பாரத்தைத் தேக்கினால் அந்தக் கால் வெந்துபோகும். நிமிர்ந்தபடி, இரண்டு காலிலும் ஒரே அளவாகப் பதித்து, கெதியாக நடந்தான். ஏழே அடி. நான் எண்ணினேன். குழியின் முடிவில் பாலூற்றிய மண்ணில் இறங்கி, திரும்பித் தாயைத் தேடினான்.

"அட, நம்மட நொண்டியன்!" என்று யாரோ கத்தினார்கள். குரவை எழுந்தது. பெண்கள் அழுதார்கள். சுனாமியில் போன காலை அம்மாள் திருப்பித் தந்துவிட்டாள் என்று அன்று முழுவதும் அதே கதை. தங்கை அவனுடைய முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். நானும் அழுதேன். அந்த அரை மணிநேரம் நான் பயப்படவில்லை என்பதையும் எழுதவேண்டும்.

சனிக்கிழமை காலை கட்டையும் தடியையும் எடுத்து வைத்தேன். தங்கை மறுத்துவிட்டாள். "அம்மாளுக்கு முன்னால நேரா நடந்தவன் றோட்டுல நொண்டினா அவ தந்ததை இல்லையெண்டு சொன்னமாதிரி. அந்தப் பாவம் வேணாம்." அதற்கு மேல் நானும் வாதாடவில்லை. ஊருக்குத் தெரிந்த பிறகு கட்டால் என்ன பயன் என்று என் மனமும் சொன்னது.

திங்கட்கிழமை காலை, வழக்கமான நேரத்துக்கு, மிஸ்ஸுக்குக் கோயில் திருநீறும் பொங்கலும் கொண்டுபோவதாகச் சைக்கிளில் புறப்பட்டான். "இண்டைக்கு லேசர் இல்ல, பொங்கல்," என்று சொல்லிவிட்டு மிதித்தான். நாவற்குடாவிலிருந்து நகரம் தூரமில்லை. பதினொரு மணிக்கு மிஸ் ஆளனுப்பிக் கேட்டாள், ஏன் இன்றைக்கு வரவில்லை என்று.

வீதியோரத்தில் வெள்ளரிப்பழம் விற்ற பெண் சொன்னதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே சாட்சி. ஒரு வான் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருவன், "நீதானே தீ மிதிச்ச பொடியன்?" என்று கேட்டான். அவன் ஓம் என்றான். பொங்கல் வைத்திருந்த பாத்திரத்தை அவளிடம் கொடுத்து, நாவற்குடாவில் மாமாவிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறான். சைக்கிளையும் அவள்தான் கொண்டுவந்து தந்தாள்.

அக்கரைக்காரர்களா இக்கரைக்காரர்களா என்று நிச்சயமாக எனக்கு ஒருபோதும் தெரியவரவில்லை. போகக்கூடிய எல்லா வாசலுக்கும் போனோம். ஒரு முகாமில் இருக்கிறான் என்றார்கள், வடக்கே கொண்டுபோயாயிற்று என்றார்கள், அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்றார்கள். மிஸ் அந்த வருடக் கடைசியில் ஊரைவிட்டுப் போனாள். போகுமுன் வீட்டுக்கு வந்தாள். தங்கையின் பக்கத்தில் ஒரு மணிநேரம் இருந்தாள்.

2007 தொடக்கத்தில் படுவான்கரையில் சண்டை நடந்து, சனம் எல்லாம் இக்கரைக்கு ஓடிவந்தது. ஒரு முகாமில், தறப்பாளுக்குக் கீழே, பரியாரியாரைக் கண்டேன். பையில் நொச்சி விதையும் ஒரு குழவியும் கொண்டுவந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். குழவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் அவிழ்க்கச் சொல்லல்லையே," என்றார்.

"இல்ல."

"சொல்லல்ல," என்று மறுபடியும் தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அவர் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாரிக்குள் காலமானார்.

மாரி வரும்போதெல்லாம் தங்கை ஒரு கேள்வி கேட்பாள். "குளிருக்கு அந்த முழங்கால் நோகுமா அண்ண? எங்க படுத்திரிக்கானோ." நோகாது, நன்றாகப் பொருந்திவிட்டது என்று சொல்வேன். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

2009 மே மாதம், மூன்றாவது கிழமையில், யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்னது. நகரத்தில் வெடி கொளுத்தினார்கள். தங்கை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். பிறகு வடக்கே முகாம்களில் ஆட்கள் இருக்கிறார்கள், பெயர்ப் பட்டியல் வருகிறது, சரணடைந்தவர்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு செய்தி. அந்த வருடக் கடைசியில் காணாமற்போனவர்களின் விபரம் பதிகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருவரும் விடியவே போய் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் தாய்மார்தான்.

எழுதியவர் ஓர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட நாள். எல்லாவற்றையும் பிழையில்லாமல் சொன்னேன்.

"அங்க அடையாளம்?"

"இடது முழங்கால் சுனாமியில அடிபட்டது," என்றேன்.

"ஊனம் எண்டு போடவா ஐயா? நொண்டுவாரா?"

நான் வாயைத் திறக்குமுன் தங்கை, "ஓம், நொண்டுவான்," என்றாள். "நொண்டியெண்டு போடுங்க தம்பி. ஏலாத பிள்ளையெண்டா எங்கயெண்டாலும் விட்டிருப்பாங்க."

அவர் பேனையைத் தாளில் வைத்தார். எனக்கு அவளைத் திருத்த மனம் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டால் ஏதோ ஒரு வாசலில் யாரோ ஒருவன் குனிந்து பார்த்துவிட்டுப் போகவிடுவான் என்று எனக்கும் அந்தக் கணம் தோன்றியது. அவர் இரண்டு எழுத்து எழுதினார்.

"பொறுங்க தம்பி." தங்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "வெட்டுங்க அதை. நொண்டியெண்டு எழுதினா, நேரா நடக்கிற பொடியனைக் கண்டாலும் இவன் இல்லையெண்டு விட்டிருவீங்க."

"அப்ப என்ன எழுத அம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"கால் சுகம். நல்லா நடப்பான்," என்றாள். "அப்படியே எழுதுங்க."

அவர் வெட்டிவிட்டு அப்படியே எழுதினார். தங்கை கையொப்பம் வைத்தாள். பின்னால் நின்ற பெண் எங்களுக்குப் பக்கத்தில் வந்து தன் பிள்ளையின் பெயரைச் சொல்லத் தொடங்கினாள்.